முன்னரே அறிந்த இருள்

திட்டம் தீட்டுவோருக்கு உள்ள இடர்ப்பாடுகளில் பெரியது, எதிர்காலத்தைப் பற்றிய உறுதியின்மை. பருவமழை எந்த வாரம் தொடங்கும், விளைச்சல் எவ்வளவு இருக்கும், எண்ணெய் விலை எங்கே போய் நிற்கும் என்பவற்றை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. இயற்கை நிகழ்ச்சிகளில் இதற்குத் தெளிவான விலக்கு ஒன்று உண்டு. சூரிய கிரகணம் எந்த நாளில், எந்த ஊரில், எத்தனை மணிக்கு நிகழும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நொடிக் கணக்கில் சொல்லிவிடலாம். வருவது வந்தே தீரும். வந்தது சொன்ன நேரத்தில் விலகியே தீரும். இவ்வளவு துல்லியமான முன்னறிவிப்பை ஒரு சமுதாயம் எதற்குச் செலவிடுகிறது என்பது பொருளாதார நோக்கிலும் ஆராயத்தக்க கேள்வியே. அதற்கு ஒரு நகரத்தின் ஒரு பகுதியை, பெங்களூர் பிரேசர் டவுனை, எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. அன்று பிற்பகல் சந்திரனின் நிழல் ஆப்பிரிக்காவைக் கடந்து, இந்துமாக்கடலின் மேல் விரைந்து வந்து, கார்வார்–அங்கோலா கடற்கரையில் இந்திய மண்ணைத் தொட்டது. ஹூப்ளி, கதக், ராய்ச்சூர் வழியாக ஆந்திரத்துள் நுழைந்து, ஒரிசாவில் பூரி, கோனார்க் கடற்கரையில் வெளியேறிற்று. பிற்பகல் மூன்றரை மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் இவை யாவும் முடிந்துவிட்டன. இந்திய மண்ணில் முழுச் சூரிய கிரகணம் காணக் கிடைத்தது 1898க்குப் பிறகு அதுவே முக்கியமான வாய்ப்பு என்பதால் பல நாடுகளின் விஞ்ஞானிகள் தக்காணத்தில் வந்து கூடியிருந்தனர். ஆனால், நாட்டின் பெரிய நகரங்களில் அந்நேரம் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கடைகள் மூடப்பட்டன, பேருந்துகளில் ஆட்கள் இல்லை, சன்னல்களுக்குத் திரை போட்டுவிட்டு மக்கள் உள்ளே அமர்ந்திருந்தனர். பெங்களூரும் இதற்கு விலக்கன்று. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்படாமலே ஊர் அடங்கிய நாள் அது.

பிரேசர் டவுனில் இக்காட்சிக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. இன்று மாநகராட்சி ஏடுகளில் புலிகேசி நகர் என வழங்கும் இப்பகுதி, அச்சத்துக்கு எதிராகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஒன்று. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது. நெருக்கமான குடியிருப்புகளில், சிறப்பாகக் கன்டோன்மென்டின் குறுகிய சந்துகளில், அது பெருஞ்சேதம் விளைவித்தது. அதே ஆண்டு சனவரி 22ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று விஜயதுர்க் கடற்கரையில் தொடங்கி மேற்கு, மத்திய, வட இந்தியாவைக் கடந்து சென்றிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட விரும்புவோருக்கு அது போதுமான சான்றாகத் தோன்றியிருக்கும். ஆனால், நகர நிருவாகம் வானத்தைக் குறை கூறவில்லை. எலியையும் சாக்கடையையும் மக்கள் நெருக்கத்தையும் கவனித்தது. அதன் விளைவாக 1906ஆம் ஆண்டளவில் அகன்ற சாலைகளும், காற்றோட்டமான மனைகளும், முறையான வடிகால்களும் கொண்ட புதிய குடியிருப்பு உருவாயிற்று. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராகவும் பின்னர் மைசூரின் ரெசிடென்டாகவும் பணியாற்றிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. காரணம் கண்டு பரிகாரம் செய்வது எப்படி என்பதற்கு முன்மாதிரியான ஒரு பேட்டை, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு நிழலுக்காகக் கதவடைத்தது.

இப்பகுதியில் மசூதி, தேவாலயம், கோயில் ஆகியவை அருகருகே அமைந்துள்ளன. தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே தெருவில் ஒலிக்கும். கிரகணத்தை ஒவ்வொரு சாராரும் ஒவ்வொரு விதமாக எதிர்நோக்கி வந்துள்ளனர். மசூதிகளில் கிரகணத் தொழுகை நடைபெறும். இந்துக்களின் இல்லங்களில் ஊறுகாய்ச் சாடியிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பையைப் போட்டு வைப்பர். கிரகணம் விட்டதும் தலைமுழுகிய பிறகே அடுப்பு மூட்டுவர். கோயில் நடை அதுவரை சாத்தியிருக்கும். தொழுகையும் நீராட்டும் ஒருவருக்கும் தீங்கு செய்யாதவை. அவற்றில் குறை காண வேண்டியதில்லை. குறையெல்லாம் கருவுற்ற பெண்களைத் தண்ணீர்கூட அருந்தவிடாமல் இருட்டறையில் வைப்பதிலும், குழந்தைகளுக்கு வானத்தில் நடப்பது என்னவென்று சொல்லாமலே அவர்களைப் பூட்டி வைப்பதிலும்தான். கிரகண நேரத்தில் சூரியனிலிருந்து புதிய கதிர் எதுவும் புறப்படுவதில்லை. அன்றாடம் வரும் அதே ஒளிதான், சற்றுக் குறைந்த அளவில், வருகிறது.

பத்தில் ஒன்பது போதாது

பிரேசர் டவுனில் அன்று கதவைத் திறந்து வெளியே வந்து, தக்க பாதுகாப்புடன் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? முழு கிரகணப் பாதை பெங்களூருக்கு வடக்கே சென்றதால், சூரிய விட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மட்டுமே இங்கு மறைந்தது. மேலே பிறைச் சூரியன். கீழே கோல்ஸ் பார்க் மரங்களின் இலை இடுக்குகள் வழியாகத் தரையில் விழும் ஒளிப்பொட்டுகள் யாவும் சிறுசிறு பிறைகள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் காமிராவாகச் செயற்படுவதே இதற்குக் காரணம். சமையலறைச் சல்லடையைப் பிடித்தாலும் சுவரில் நூறு பிறைகள் விழும். வெயில் வெளிறி, மாலைபோலாகி, சற்றே குளிர்ந்திருக்கும். அவ்வளவே.

பத்தில் ஒன்பது பங்கு மறைந்தால் முழு கிரகணத்தின் பத்தில் ஒன்பது பங்கு அனுபவம் கிட்டும் என எண்ணுவது இயல்பு. பொருளாதாரத்தில் பெரும்பாலான பண்டங்களுக்கு அப்படித்தான். முக்கால் படி அரிசிக்கு முக்கால் படிப் பயன் உண்டு. கிரகணம் அத்தகைய பண்டமன்று. முழுநிலவைவிடச் சூரியன் சுமார் 4 லட்சம் மடங்கு ஒளி மிக்கது. அதில் பத்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தாலும் அது சுமார் 40,000 முழுநிலவுகளுக்கு ஒப்பாகும். நூற்றில் ஒரு பங்கே எஞ்சினாலும் 4,000 நிலவுகள். சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிமகுடமாகிய கரோனாவின் மொத்த வெளிச்சமோ ஒரு முழுநிலவின் அளவைத் தாண்டுவதில்லை. எனவே கடைசி இழை ஒளி மறையும்வரை அது கண்ணுக்குப் புலப்படாது. மறைந்த மறுகணம் வானமே மாறிவிடுகிறது.

முழுமைக்குச் சில நிமிடங்களுக்கு முன்பே மேற்குத் தொடுவானம் கருக்கத் தொடங்கும். பெருமழை வருவதுபோல் நிழல் நிலத்தின் மேல் ஓடி வருவதை உயரமான இடத்தில் நிற்போர் காண முடியும். வெண்ணிறத் துணியை விரித்து வைத்தால் அதன்மேல் நீரலைபோல மெல்லிய நிழற்கோடுகள் நெளியும். பறவைகள் கூட்டுக்குத் திரும்பும். சந்திரனின் மலைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தாக்குகள் வழியே சூரிய ஒளி மணிமணியாகக் கசிந்து, இறுதியில் ஒரே ஒரு மணி மட்டும் வைர மோதிரக் கல்போல் மின்னி அணையும். பகலில் வெள்ளி முதலிய கோள்கள் தோன்றும். சூரியன் இருந்த இடத்தில் கரிய வட்டமும், அதன் விளிம்பில் செந்நிறத் தழல்களும், அதைச் சுற்றி முத்து வெண்மையில் கரோனாவும் நிற்கும். இந்தியாவில் அன்று அது நீடித்தது கூடுதலாக இரண்டே முக்கால் நிமிட அளவே. 1980 சூரியப் புள்ளிகள் உச்ச நிலையில் இருந்த காலம். ஆகவே கரோனா ஒரு பக்கமாக நீளாமல் எல்லாத் திசைகளிலும் விரிந்து, ஏறக்குறைய வட்டமாகக் காட்சியளித்தது.

இதைக் காணப் பிரேசர் டவுன்வாசி ஒருவர் செய்திருக்க வேண்டியது, ஹூப்ளிக்கோ ராய்ச்சூருக்கோ ரயிலேறுவது மட்டுமே. தொலைவு சுமார் 400 கிலோமீட்டர். பூமியில் குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு முழுச் சூரிய கிரகணம் வருவது சராசரியாக 375 ஆண்டுகளுக்கு ஒரு முறை. ஓரிரவுப் பயணத்தில் எட்டக்கூடிய தொலைவுக்கு அது வந்திருந்தும் பெரும்பாலோர் செல்லவில்லை. பயணச் சீட்டின் விலை அதற்குத் தடையாக இருந்ததென்று சொல்வதற்கில்லை.

அதே நகரத்திலிருந்து சிலர் சென்றனர். கோடைக்கானல் வானாய்வு நிலையத்திலிருந்து வளர்ந்து, 1971இல் தன்னாட்சி பெற்று, பின்னர்ப் பெங்களூரின் கோரமங்கலாவுக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட இந்திய வான்பௌதிக நிலையம், ராய்ச்சூர் மாவட்டத்து ஜவளகெரேயில் முகாம் அமைத்தது. அதன் இயக்குநர் வைணு பாப்பு அப்போது சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். கரோனாவிலிருந்து வரும் சிவப்பு ஒளிக்கோட்டின் அகலத்தை அளந்து, அங்கு வாயுக்கள் எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு கொந்தளிப்புடன் உள்ளன என்று கணிப்பது அங்கு நடந்த ஆய்வுகளில் ஒன்று. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி வெப்பமுள்ளது. அதற்கு வெளியே உள்ள கரோனாவோ 10 லட்சம் டிகிரிக்கு மேல். அடுப்பைவிட அடுப்பைச் சுற்றியுள்ள காற்று அதிகச் சூடாக இருப்பது போன்ற இப்புதிர் இன்னும் முழுமையாக விடுபடவில்லை. கதக்கிலும், ஐதராபாத்துக்கு அருகில் உஸ்மானியா பல்கலைக் கழகத்தின் ஜப்பால்–ரங்காபூர் வானாய்வு நிலையத்திலும் வேறு குழுக்கள் பணிபுரிந்தன.

தென்னாட்டுக்கு இத்தகைய முகாம்கள் புதியவையல்ல. 1868 ஆகஸ்டு 18இல் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சனும் கிரகணத்தை ஆராய்ந்தனர். அவ்வாண்டுச் சூரிய ஆய்வுகளில் தெரிந்த மஞ்சள் கோடே ஹீலியம் என்னும் தனிமம் உண்டு என்பதற்கு முதல் தடயம். பூமியில் அத்தனிமம் கண்டறியப்பட்டது அதற்கு 27 ஆண்டுகள் கழித்து, 1895இல். சென்னை நிலையத்தின் முதல் உதவியாளராகிய ரகுநாதாச்சாரி அதே கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து கண்டார். பஞ்சாங்கக் கணிதம் கண்ணால் காண்பதோடு பொருந்துமாறு திருத்தப்பட வேண்டும் என வற்புறுத்தியவர் அவர். 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்துக்கு ஜான்சன் மீண்டும் வந்து நீலகிரியில் சோலூரில் தங்கினார். லாக்யர் பேக்கல் கோட்டையில் இருந்தார். யாழ்ப்பாணத்திலும் ஒரு குழு முகாமிட்டிருந்தது.

சோழியும் சாரோசும்

கிரகணத்தை முன்னறியும் அறிவு மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான சரக்கன்று. பூமியின் நிழலாலும் சந்திரனின் மறைப்பாலுமே கிரகணங்கள் ஏற்படுகின்றன என்று ஆரியபட்டர் 499ஆம் ஆண்டளவிலேயே எழுதிவிட்டார். 1825இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்பவர், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணக்கிடும் விதத்தைப் பதிவு செய்தார். அக்கணிதர் தாளும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தியவாறு, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே விடை கண்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஏற்பட்ட பிழை நான்கு நிமிடமே. நடுவிலும் முடிவிலும் பிழை கூடுதல். ஆயினும் சோழிகளுக்கு அது சிறிய சாதனையன்று.

இன்று இக்கணக்கை மைய அரசின் கொல்கத்தா நிலை வானியல் மையம் செய்கிறது. மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையால் பிறந்த இராஷ்டிரீய பஞ்சாங்கம் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியாகிறது. அந்தப் பஞ்சாங்கத்தில் நேரம் இருக்கும், அச்சம் இராது. வீட்டில் ஆணியில் தொங்கும் நாட்காட்டியில் இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன என்பதுதான் சிக்கல். கணிதம் சரியாக இருப்பதாலேயே அதனோடு சேர்ந்து வரும் பலன்களும் சரியாக இருக்க வேண்டும் என்று வாசகர் கொள்கிறார்.

கிரகணங்களுக்குக் குடும்பங்கள் உண்டு. 18 ஆண்டு 11 நாள் 8 மணிக்கு ஒரு முறை சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய அதே அமைப்புக்குத் திரும்புகின்றன. இதனைச் சாரோசு சுழற்சி என்பர். அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் உலகின் வேறொரு பகுதியில் விழும். 1980 கிரகணத்தின் மூத்த உடன்பிறப்பு 1962 பிப்ரவரி 5இல் நிகழ்ந்தது. இந்தியாவில் அது தெரியவில்லை. நியூகினி பக்கம் தெரிந்தது. ஆனால் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுவதால் உலகம் அழியும் என்று இந்நாடு முழுவதும் யாகங்கள் நடைபெற்றது அதே நாட்களில்தான். உலகம் அழியவில்லை. அதன் பின்னும் 18 ஆண்டுகள் கழித்து நகரங்கள் கதவடைத்தன என்பதைப் பார்க்கும்போது, தவறிப்போன ஆரூடத்தை மக்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர் என்றே தோன்றுகிறது. 1898இல் விஜயதுர்க்கத்தைக் கடந்த குடும்பமோ இன்னும் வாழ்கிறது. 2024 ஏப்ரல் 8இல் மெக்சிகோ, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளைக் கடந்த முழு கிரகணம் அதன் ஏழாம் தலைமுறை.

கண்ணைப் பற்றிய எச்சரிக்கை

வெளியே வராதிருக்கச் சொன்னவர்களிடம் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. கண்ணுக்கு ஆபத்து உண்மையானது. விழித்திரையில் வலியுணர் நரம்புகள் இல்லை. சூரிய ஒளி அதைச் சுட்டாலும் அக்கணம் தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி தோன்றும். சிலருக்கு அது நிரந்தரமாகிவிடும். சாதாரண நாளில் கண் கூசுவதால் எவரும் சூரியனை உற்றுப் பார்ப்பதில்லை. பகுதி கிரகணத்தின்போது வெளிச்சம் குறைவதால் அந்த இயல்பான காப்பு தளர்ந்து, உற்றுப் பார்க்கத் துணிவு வருகிறது. கரி பூசிய கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், மஞ்சள் நீரில் தெரியும் பிம்பம் ஆகியவை பாதுகாப்பானவை என்னும் நம்பிக்கை தவறானது. அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியை மங்கச் செய்தாலும் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதாக உறுதியில்லை. பற்றவைப்போர் பயன்படுத்தும் 14ஆம் எண் கண்ணாடி, தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி, அட்டையில் ஊசித்துளையிட்டுச் சுவரில் பிம்பம் வீழ்த்துவது ஆகியவையே ஏற்கத்தக்கவை. முழுமை நிலவும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். பிரேசர் டவுனில் அந்த விதிவிலக்குக்கு 1980இல் இடமில்லை.

இத்தனையும் ஒரு துண்டறிக்கையில் அடங்கக்கூடிய செய்தி. 1980இல் மக்களைச் சென்றடைந்தது ‘பார்க்காதே’ என்ற ஒரு சொல்தான். ‘இப்படிப் பார்’ என்பது அவர்களை எட்டவில்லை. 1995 அக்டோபர் 24ஆம் நாள் கிரகணத்துக்குள் நிலைமை மாறியிருந்தது. இராஜஸ்தானிலிருந்து வங்கம்வரை ஏறத்தாழ ஒரு நிமிடமே நீடித்த அந்த முழுமைக்கு முன்பாக அறிவியல் இயக்கங்களும் அரசு நிறுவனங்களும் பள்ளிகள்தோறும் விளக்கம் அளித்தன. பாதுகாப்புக் கண்ணாடிகள் பரவலாக வழங்கப்பட்டன. தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பியது. வானம் மாறவில்லை, மக்களிடம் பேசும் முறை மாறிற்று.

2019 டிசம்பர் 26 காலை பிரேசர் டவுன் வானில் மீண்டும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு சூரியன் மறைந்தது. இம்முறை அது கங்கண கிரகணம். வளையம் முழுமையாகத் தெரிந்தது உதகை, கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில். பெங்களூரில் 1989இல் தோன்றிய நேரு கோளரங்கத்தில் மக்கள் குழந்தைகளுடன் கூடிக் கண்ணாடி வழியே கண்டனர். ஆனால், அதே நாளில் கர்நாடகத்தின் வடகோடியில் கலபுரகி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஊனம் நீங்கும் என்ற நம்பிக்கையில் மாற்றுத்திறன் குழந்தைகள் கழுத்தளவு மண்ணில் புதைக்கப்பட்டிருந்ததும், அதிகாரிகள் தலையிட்டு அவர்களை வெளியே எடுத்ததும் செய்தியாயிற்று. ஒரே மாநிலம், ஒரே காலை. கோளரங்கத்தின் எல்லை நகரத்தின் எல்லையோடு முடிந்துவிடுகிறது என்பதைத் திட்டமிடுவோர் இதிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று இன்னொரு துறையும் கிரகணத்தை எதிர்நோக்கியிருந்தது. தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் சுமார் 2,000 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா இயங்கி வந்தது. தென்மாநிலங்களின் மின் வழங்கலில் சூரிய மின்சாரத்துக்குக் கணிசமான பங்கு ஏற்பட்டிருந்தது. மேகம் ஒரு பூங்காவின்மேல் நிற்கும். கிரகணமோ தென்னாடு முழுவதையும் ஒரே காலையில் மூடும். உற்பத்தி சரிவதும், கிரகணம் விலகியதும் செங்குத்தாக ஏறுவதும் மின் கட்டமைப்பின் சமநிலையைக் குலைக்கக்கூடும். தேசிய மின் கட்டமைப்பு இயக்குநிலையம் முன்கூட்டியே கணக்கிட்டு, நீர்மின், அனல்மின் நிலையங்களை ஈடுசெய்ய ஆயத்தப்படுத்தி வைத்தது. பிரேசர் டவுன் வீடுகளில் மின்விசிறி ஒரு கணமும் நிற்காததால் இதை எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். முன்னறிவிப்பைச் செலவிட வேண்டிய முறை இதுவே. 1980இல் இருந்த அதே துல்லியம்தான், பயன் வேறு.

பிரேசர் டவுனிலிருந்து பழைய சென்னைச் சாலை வழியே கிழக்கே சென்றால் ஹொசகோட்டை வரும். அங்குள்ள தன் வளாகத்தில் இந்திய வான்பௌதிக நிலையம் ஒரு கருவியைக் கட்டி முடித்து 2023 சனவரியில் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சூரிய வட்டத்தை உள்ளேயே மறைத்துக் கரோனாவை மட்டும் காட்டும் அக்கருவி, 2023 செப்டம்பர் 2இல் ஆதித்யா–எல்1 கலத்தில் புறப்பட்டு, 2024 சனவரி 6இல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. ஜவளகெரே முகாமில் சில நிமிடங்களுக்குக் கிடைத்த காட்சி அதற்கு நாள்தோறும் கிடைக்கிறது.

தரையில் நிற்போருக்கு அடுத்த வாய்ப்புகளும் குறிக்கப்பட்டுவிட்டன. 2031 மே 21இல் கங்கண கிரகணப் பாதை கேரளத்தையும் தென் தமிழகத்தையும் வட இலங்கையையும் கடக்கும். பெங்களூரில் அது பகுதி கிரகணமாகவே தெரியும். இந்திய எல்லைக்குள் அடுத்த முழுச் சூரிய கிரகணம் 2034 மார்ச் 20இல், லடாக்கின் மலைகளில்.